சந்தனக் கல்லாகிப் போன உன் கல்

இதை யாருக்கும் காட்டிவிடாதே அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன். காட்ட உனக்கு இனி வழியில்லை என்று தெரியும். ஆனாலும் உயிரோடு இருந்தபோது ஒரு ரகசியத்தையாவது ராத்திரிச் சாப்பாடு வரை காப்பாற்றினாயா? அதனால்தான் கேட்கிறேன்.

உன் கல் இப்போது சந்தனம் மணக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பாத்ரூம் கதவைப் பூட்டி, ஃபேனை ஓடவிட்டு, கல்லை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முகர்ந்தால் கோபம்தான் வருகிறது. சவரக்கத்தி தீட்டுகிற கல்லுக்கு எதற்கு இந்த வாசம்?

ஃப்ரீவேயில் உன் கார் நொறுங்கிய பிறகு உன் அறையைத் திறக்க அம்மாவால் முடியவில்லை. உதவிக்குக் கோமதி ஆன்ட்டி வந்தார். நம்ம ஊர் சுகர் லேண்டில் எந்த வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து காபி கேட்பாரே, அவரேதான். உன் மேசை டிராயரில் கல்லைப் பார்த்தார். மேலே மஞ்சள், அடியில் கருநீலம். "சந்தனக் கல்லு இது. பாருங்களேன், தேய்ச்சுத் தேய்ச்சு மஞ்சளாவே ஆயிடுச்சு" என்றார். தண்ணீர் விட்டுச் சந்தனக் கட்டையால் தேய்த்தார். உடனே பால் போல வழிந்தது. வழியாதா? ஈரத்தில் உரசினால் அந்தக் கல்லே கரைந்து பாலாகும். "இவ்ளோ சீக்கிரம் சந்தனம் வர்ற கல்லை லைஃப்லயே பாத்ததில்ல" என்று மெய்சிலிர்த்தார்.

சனிக்கிழமை பஜனைக்கு வந்த இன்ஜினியர்களும் டாக்டர்களும் பெல்ஜியத்துப் பாறைப் பொடியை நெற்றியில் இட்டுக்கொண்டு கண்மூடி உருகினார்கள். ஒருவர்கூடக் கல்லைத் திருப்பிப் பார்க்கவில்லை. இவர்களுக்கெல்லாம் இத்தனை டிகிரி எதற்கு?

நீ சிரிக்காதே. நீ மட்டும் என்ன கிழித்தாய்? பழைய சாமான் விற்கிற ஃப்ளீ மார்க்கெட்டில், மூடிப்போன ஒரு பார்பர் ஷாப்பின் சாமான் பெட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்ததைச் செங்கல் துண்டு என்று தூக்கிப் போட்டவன் நீ. பக்கவாட்டில் நகத்தால் சுரண்டி, இரண்டு நிறங்களுக்கு நடுவே கோடு ஒன்று நெளிந்து ஓடுவதைக் காட்டியவள் நான். "ரெண்டு கல்ல ஒட்டிருக்காங்க, ஃபேக்" என்றாய். ஒட்டியிருந்தால் கோடு நேராக இருக்கும், லூசு. இது பாறையிலேயே ஒன்றாகப் பிறந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஊறவைத்த பிறகுதான் மஞ்சள் முகம் தெரிந்தது. லைப்ரரிப் புத்தகத்தில் தேடி, பெல்ஜியத்துக் கல் என்று கண்டுபிடித்ததும் நான். "ஐ ஃபிகர்ட் இட் அவுட்" என்று உன் ஃப்ரெண்ட்ஸிடம் பீற்றிக்கொண்டது யார்?

தீட்டுவதிலும் அப்படித்தான். கத்தியைப் படுக்க வை, முதுகும் கூர் விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொடணும், அழுத்தாதே என்று கத்துவேன். நீ அழுத்துவாய். கூடவே கிடைத்த கட்டைவிரல் அளவுக் குட்டிக் கல்லால் உரசிப் பால் வரவழைத்துத் தீட்ட வேண்டும். பிறகு அதைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். கழுவும் பொறுமை உனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தாடையில் டிஷ்யூ ஒட்டிக்கொண்டு காலேஜுக்குப் போவாய். "ரத்தம் வந்தாத்தான் ஷேவ்" என்பாய். அறிவுகெட்ட பேச்சு. அதைக் கேட்டுத்தான் அப்பா கத்தியைக் குப்பையில் போட்டார். "இந்த மாதிரி இன்னொரு சாமான் வீட்டுல பாத்தேன், அதுவும் குப்பைக்குத்தான்" என்றார். நாம் கல்லை ஒளித்துவைத்தது அன்றைக்குத்தான்.

நாளைக் காலை கோமதி ஆன்ட்டி அதைப் பேர்லேண்ட் கோவிலுக்குக் கொடுக்க எடுத்துப் போகிறார். அம்மாவும் சம்மதித்துவிட்டாள். "கோயில் பக்கமே வராத பையன், எனக்குன்னு சந்தனக் கல்லு வாங்கி மறைச்சு வெச்சிருந்திருக்கான்" என்று ஃபோனில் எல்லோரிடமும் சொல்கிறாள். நீ போன பிறகு அழாமல் அவள் பேசி முடிக்கிற பேச்சு அது ஒன்றுதான். நீயா? அம்மாவுக்கா? அவள் பிறந்தநாளைக்கூட நான்தான் உனக்கு ஞாபகப்படுத்துவேன்.

உண்மையைச் சொன்னால் அப்பா குப்பையில் போடுவார். சொல்லாவிட்டால் கோவிலுக்குப் போய்விடும். பயந்து பயந்து பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். வாசம் போகவில்லை. விடியட்டும், சொல்லத்தான் போகிறேன். நெற்றியில் பூசிக்கொண்ட அத்தனை பேரிடமும், இது சவரக்கல், மண்டுகளா, என்று.

குட்டிக் கல் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது என் பென்சில் பையில் இருக்கிறது, தினமும் என்னோடு ஸ்கூலுக்கு வருகிறது. இப்போது அதை எடுத்துப் பெரிய கல்லில் உரசிப் பார்த்தேன். கையெல்லாம் மஞ்சள் பால்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா. "கண்ணு, உள்ளயா இருக்க? அண்ணன் கல்ல அலமாரில காணோம். உன்கிட்ட இருந்தா குடு சாமி. கோயிலுக்குப் போறதுக்குள்ள ஒருக்கா மடில வெச்சுக்கறேன்."

கையில் என்ன என்று கேட்டால் சந்தனம் என்று சொல்லப்போகிறேன். நீ மட்டும் தயவுசெய்து