அப்பா வெறுங்கையோடு போன ஞாயிறு

திருகோணமலை,
வைகாசி மாதம்.

என்ர அன்பு மகன் தர்சனுக்கு,

அம்மா எழுதுறன். இஞ்ச நாங்கள் கை கால் சுகத்தோட, உலையில அரிசியோட, ஆண்டவற்ற காவலில இருக்கிறம். நீயும் சிவாஜினியும் சின்னவளும் அந்தக் குளிர் நாட்டில ஒரு தும்மல் கூட இல்லாமல் இருக்க வேணுமெண்டுதான் காலமை எழும்பினவுடன என்ர முதல் செபம். இஞ்ச வெயில் கொளுத்துது, கிணத்துத் தண்ணி அடிக்குப் போட்டுது, மாமரம் மட்டும் இந்த முறை கண்டபாட்டுக்குக் காய்ச்சிருக்கு. தம்பிராசா அண்ணற்ற மகள் வாற கிழமை நோர்வேக்குத் திரும்பிப் போறா, அவவிட்ட ஊறுகாயும் மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் குடுத்து விடுறன். தூளுக்குள்ள ஈரக் கரண்டி போட வேண்டாமெண்டு சிவாஜினிக்குச் சொல்லு.

போன கிழமை நீ போனில கேட்டாய், அப்பாவை ஆர் பயப்படுத்தினது, வருத்தமாக் கிடந்த மனிசனைப் பிடிச்சு ஆர் சமயம் மாத்தினது எண்டு. அப்பா பக்கத்துக் கதிரையில இருந்தவர், அதால நான் ஒண்டும் சொல்லேல்லை. உன்ர கோபம் எனக்கு விளங்குது மகன். உன்னைக் குழந்தையில சேர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனது நான், வைகாசிப் பொங்கலுக்குச் சம்பூர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது அப்பா, இரண்டுக்கும் நடுவில சந்தோசமா வளந்த பிள்ளை நீ. இப்ப ஒரு பக்கம் இல்லாமல் போனமாதிரி உனக்கு இருக்கும். அதுதான் நடந்ததை நடந்தபடி எழுதுறன், வாசிச்சுப்போட்டு நீயே யோசி.

அப்பாவின்ர குணம் உனக்குத் தெரியும். ஆரிட்டையும் ஒண்டையும் சும்மா வாங்க மாட்டார். பக்கத்து வீட்டில இருந்து ஒரு கோப்பை பாயாசம் வந்தா அந்தக் கோப்பை வெறுமனே திரும்பிப் போகக் கூடாது, ஒரு கைப்பிடி முருங்கைக்காயெண்டாலும் அதுக்குள்ள போக வேணும். ஒவ்வொரு ஞாயிறும் என்னை மோட்டார் சைக்கிளில கொண்டுவந்து சேர்ச் வாசலில இறக்கிப்போட்டு, வெளிய வேப்பமரத்துக்குக் கீழ நிண்டு பேப்பர் வாசிப்பார். சேர்ச்சின்ர தண்ணிப் பம்ப் பழுதாப் போனா அவர்தான் திருத்துவார், ஆனா தேத்தண்ணி குடுத்தா குடிக்க மாட்டார். ஏனப்பா உள்ளுக்கு வந்து இருந்தா என்னவெண்டு நான் கேட்டா, உம்மட ஆண்டவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் ஒண்டுமில்லை, ஏன் வீணா ஆளை ஆள் கரைச்சல் படுத்துவான் எண்டு சிரிப்பார். நானும் விட்டிட்டன். கட்டின நாளில இருந்து அவற்ற நம்பிக்கையை நானோ என்ர நம்பிக்கையை அவரோ பிடிச்சு இழுத்ததில்லை.

கார்த்திகையில வள்ளம் பிரண்டது உனக்குத் தெரியும், அவர் எப்பிடித் தப்பினவர் எண்டது முழுக்கத் தெரியாது. அண்டைக்குக் கொட்டியாரக்குடாவுக்குள்ள தனியத் தூண்டில் போடப் போனவர். வாடைக் காத்து திடீரெண்டு திரும்பி, ஒரு அலை பக்கத்தால அடிச்சு, வள்ளத்தைக் கவிட்டுப் போட்டுது. தோள்மூட்டு விலகின கையோட, கவிண்ட வள்ளத்தை மற்றக் கையால கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார். மழை இருட்டில கரையே தெரியேல்லையாம். கிண்ணியாவில இருந்து வந்து வலை இழுத்துக்கொண்டு நிண்ட ஸஜ்ஜாத் எண்ட பெடியன் தூரத்தில இவற்ற சத்தத்தைக் கேட்டு வந்து, தூக்கிப் போட்டு, கிண்ணியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. பிறகும் ரெண்டு மூண்டு தரம் வந்து பாத்திட்டுப் போனது. நல்ல பிள்ளை, பெடியன் எண்டு நான் எழுதினாலும் அவருக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு.

கை கொஞ்சம் தூக்க ஏலுமாப் போனவுடன அப்பா ஒரு மூட்டை அரிசியும் கட்டிக்கொண்டு ஓட்டோவில கிண்ணியாவுக்குப் போனவர், நானும் கூடப் போனனான். ஸஜ்ஜாத் வீட்டில இல்லை. அவற்ற மனிசி அப்ரா எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்து, கதையோட கதையாச் சொல்லிப்போட்டா, அவர் இப்ப வேற ஆளின்ர போட்டில கூலிக்குப் போறாரெண்டு. ஏன் பிள்ளை, சொந்த வலை இருக்கே எண்டு கேட்டா, அவ தலையைக் குனிஞ்சுகொண்டு, அண்டைக்கு வலை பாதி கடலுக்குள்ள கிடந்ததாம், இழுத்து முடிச்சு வந்தா மனிசன் தண்ணிக்குள்ள தாண்டு போயிருவார் எண்டு வெட்டி விட்டிட்டு வந்தாராம், பிறகு தேடிப் போனா வலையுமில்லை, பட்ட மீனுமில்லை எண்டு சொன்னா. மகன், உன்ர அப்பாவின்ர முகத்தை நீ அப்ப பாத்திருக்க வேணும். திரும்பி வரேக்கயே ஓட்டோக்காரரிட்ட வலை என்ன விலை போகுதெண்டு விசாரிச்சார்.

அடுத்த கிழமையே புது வலை வாங்கிக்கொண்டு போனார். அண்டைக்கு ஸஜ்ஜாத் வீட்டில நிண்டவர். வலையைத் தொட்டும் பாக்கேல்லை. அண்ணன், நான் அத வெட்டக்குள்ள உங்கட பேர் கூட எனக்குத் தெரியா, அல்லாஹ்வுக்காகச் செஞ்ச வேலை, அதுக்குக் கூலி வாங்கேலா, இன்னும் ரெண்டு மாசம் கூலிக்குப் போனா நானே வலை எடுத்துருவன் எண்டு சொல்லி, சிரிச்ச முகத்தோடயே வலையைத் தூக்கி ஓட்டோவுக்குள்ள வைச்சு விட்டிட்டார். அப்பா கெஞ்சிப் பாத்தார், பேசியும் பாத்தார். ஸஜ்ஜாத் அசையேல்லை.

அதுக்குப் பிறகு வீட்டில இருந்தது வேற மனிசன். சாப்பாட்டில மனமில்லை. அந்தப் பெடியன் என்னை வாழ்நாள் முழுக்கத் தலை நிமிர விடமாட்டான் போலகிடக்கு எண்டு கோபப்படுவார், பிறகு அப்பிடிச் சொன்னதுக்காகத் தானே துக்கப்படுவார். ஒருநாள் பின்னேரம் குசினியில நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க வாசலில வந்து நிண்டு, புஷ்பம், உம்மட ஆண்டவர் உமக்காகச் செத்ததெண்டு சொல்லுறீர், அதை வாங்கிக்கொண்டு எப்பிடி நீர் நிம்மதியா நித்திரை கொள்ளுறீர் எண்டு கேட்டார். பிறந்த நாளில இருந்து கேட்ட கதை, எனக்கு அது ஒருநாளும் பாரமா இருக்கேல்லை. பிறகு அவரே சொன்னார், வலை வெட்டினவனுக்கு என்னை ஆரெண்டு தெரியாது, உம்மட ஆண்டவருக்கு என்னை அடிநுனி தெரியும், தெரிஞ்சும் செய்திருக்கிறாரெண்டா எண்டு. மிச்சத்தைச் சொல்லாமலே கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நிண்டார்.

எங்கட சேர்ச் போதகரம்மாவிட்ட அவர் தானாத்தான் போனவர். போய், நான் என்ன செய்ய வேணும் எண்டு கேட்டிருக்கிறார். அவ, ஒண்டும் செய்ய வேண்டாம் ஐயா, தாறதை வாங்கிக்கொள்ளுறதுதான் எண்டிருக்கிறா. இவருக்கு அதுதான் ஏலாத காரியம். சேர்ச்சுக்குத் தண்ணித் தாங்கி ஒண்டு கட்டித் தாறன் எண்டிருக்கிறார். அவ சிரிச்சுப்போட்டு, தாங்கி வேணுமெண்டா எப்பவும் கட்டலாம், இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதேங்கோ, வீட்டை போய் யோசியுங்கோ, அவசரமில்லை எண்டு அனுப்பி விட்டிட்டா. இப்பிடி எத்தினையோ தரம் போய் வந்தவர். ஒருக்கால் கோபத்தில இனி அந்தப் பக்கம் போறேல்லை எண்டும் சொன்னவர். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நான் ஒரு சொல் தள்ளி விட்டாலும் அது அவற்ற முடிவா இருக்காதெண்டு எனக்குப் பட்டுது.

பங்குனி முடியேக்க, ஞானஸ்நானம் எடுக்கப் போறன் எண்டு சொன்னார். உடன சம்பூருக்குப் போய்த் தன்ர அக்காவுக்கு, உன்ர புஸ்பராணி மாமிக்கு, முகத்துக்கு நேர சொன்னார். மாமி அழுது குளறி, இடம்பெயர்ந்து ஓடேக்கையும் சாமி படத்தைத்தானே மடியில கட்டிக்கொண்டு ஓடினனாங்கள், அம்மா அப்பாவுக்கு இனி ஆர் திவசம் செய்யிறது எண்டு கேட்டவ. அதில நியாயமில்லை எண்டு என்னால சொல்ல ஏலாது. அப்பா, அக்கா, நான் உங்களையோ அம்மா அப்பாவையோ விட்டிட்டுப் போறேல்லை, திவசத்தண்டைக்கு வந்து உங்களோட நிப்பன், ஆனா எனக்குள்ள ஒண்டு நடந்துபோட்டுது, அதை இல்லையெண்டு என்னால சொல்ல ஏலாது எண்டார். மாமி கதவைச் சாத்திப்போட்டா.

ஞானஸ்நானம் எண்டிருந்த ஞாயிறு அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டு, வழக்கமாக் கொண்டு போற திருத்து வேலைச் சாமான் பை ஒண்டும் இல்லாமல், வெறுங்கையோட வந்தார். போதகரம்மா முன்னுக்குக் கூப்பிட்டு, ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுறீங்களோ எண்டு கேக்க, சபை முழுக்கப் பாத்துக்கொண்டிருக்குது, இவர் கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் தடுமாறுறார். திரும்பி வந்திடுவாரோ எண்டும் நினைச்சன். திரும்பி வந்திருந்தாலும் கையைப் பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு வந்திருப்பன் மகன். பிறகு ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு, ஓம், வாங்கிக்கொள்ளுறன் எண்டார். அப்பிடிச் சொல்ல வேணுமெண்டு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை. தண்ணி தலையில விழேக்க சின்னப்பிள்ளை மாதிரிக் குலுங்கி அழுதார். என்ர கண்ணீரும் நிக்கேல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸஜ்ஜாத்தும் அப்ராவும் வந்தவை. ஸஜ்ஜாத் தன்ர மார்க்கத்தில உறுதியான ஆள், அப்பாவுக்கும் அதில நல்ல மரியாதை. உங்கட மனசுக்கு நிம்மதியெண்டா எனக்குச் சந்தோசம் அண்ணன் எண்டு சொல்லி, ஒரு பெரிய அறக்குளா மீனைக் குடுத்தார். அப்பா ரெண்டு கையாலையும் வாங்கி, சந்தோசம் தம்பி எண்டார். அவ்வளவுதான். போகேக்க அவையின்ர பைக்குள்ள ஒரு மாங்காய் கூட வைக்கேல்லை. நான் வைக்கப் போக என்ர கையைப் பிடிச்சு, இருக்கட்டும் எண்டார். மாமி வரேல்லை. ஆனா அடுத்தநாள் விடியப் போன் எடுத்து, அவனுக்குச் சளி பிடிக்கும், தண்ணி ஊத்தினாப் பிறகு தலையை ஒழுங்காத் துவட்டினவனோ எண்டு என்னட்டக் கேட்டவ.

இதுதான் நடந்தது. உனக்கு ஞானஸ்நானம் குடுத்தது எங்கட விருப்பம், அப்பா எடுத்தது அவற்ற விருப்பம். உன்ர விருப்பம் உன்னட்டைத்தான் இருக்கு, அதை நான் தட்டிப் பறிக்க மாட்டன். ஆண்டவர் உன்னையும் சிவாஜினியையும் கைக்குள்ள வைச்சுக் காப்பாராக, சின்னவள் நல்லாச் சாப்பிட்டு வளரட்டும், அவளுக்கு என்ர கொஞ்சல். குளிர் தொடங்கினா ஐஸ் ரோட்டில காரை மெல்ல ஓட்டு. ஒண்டு மறந்திடாதை, அடுத்த முறை போனை என்ர நம்பருக்கு எடுக்காமல் அப்பாவின்ர நம்பருக்கு எடு. கோபமெண்டாக் கோபமாவே கதை, சண்டையெண்டாச் சண்டை பிடி. போனில உன்ர குரலைக் கேட்டாலே அந்த மனிசன் எழும்பி நிண்டுகொண்டுதான் கதைக்கிறவர்.

என்றும் உன்னை நினைச்சிருக்கும் அம்மா,
புஷ்பவதி பாக்கியரத்தினம்