லைல் ஸ்டோவல் சத்தியம் செய்த நாள்

என் மகன் லெமுவேலுக்கு அம்மா எழுதுவது. வலது முழங்காலைத் தவிர நான் நல்ல சுகம். உன் தங்கை வினெட்டாவும் சுகம். வயலில் நெல்லுக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டது, கொசுதான் தாங்கவில்லை. அங்கே அலாஸ்காவில் இப்போது இரவு பத்து மணிக்கும் வெயிலடிக்குமாமே, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டுக்கொண்டு தூங்கு, விமானத்துக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவனுக்குத் தூக்கம் முக்கியம்.

வினெட்டா உளறிவிட்டாள் என்று தெரியும். நீ போனில் அவளிடம் கத்தினாயாம், அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டாயாம். பைத்தியம் இல்லையப்பா, வயிற்றெரிச்சல். ஆறு வருஷ வயிற்றெரிச்சல். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

ஒன்பதாம் நம்பர் சாலையில் அந்தப் போலீஸ்காரன், டெபுடி லைல் ஸ்டோவல், உன்னை நிறுத்திய அந்த வாத்து வேட்டைக் காலத்துக் காலையை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டியிருந்தது, தோட்டா தனியாக இருந்தது, நீயே வாய் திறந்து முதலில் சொன்னாய். அவனோ, நீ சீட்டுக்கு அடியில் கையை விட்டாய், முரண்டு பிடித்தாய் என்று எழுதிவைத்து உன் தோள்பட்டை எலும்பையும் உடைத்தான். உன் சொல்லுக்குச் சாட்சி இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை என்று அந்தச் சோம்பேறி வக்கீல் சொன்னதை நம்பி நீ கையெழுத்துப் போட்டாய், நானும் போடு என்றேன். அதோடு விமானக் கம்பெனி வேலை போயிற்று, ஊரும் போயிற்று. அந்த லைல் யார்? ஐந்து வருஷம் நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வந்தவன். பனி நாளில் கையுறை இல்லாமல் வந்தால் என் கையுறையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு துப்பாக்கி வாங்கினேன். உன் அப்பா ஹோரஸ் இருந்தவரை நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஒன்பதாம் நம்பர் சாலையின் கோடியில் மண்தட்டு எறிந்து சுடும் மைதானம் இருக்கிறதே, அதில் சேர்ந்தேன். காருக்குள் இரண்டு கேமரா வைத்தேன், ஒன்று சாலையைப் பார்க்க, ஒன்று என் கைகளைப் பார்க்க. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி டிக்கியில் வைப்பேன், தோட்டாவை வேறு டப்பாவில். பேருந்துக்குச் செய்வதுபோல காரைச் சுற்றி வந்து விளக்கு, சக்கரம் எல்லாம் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்வேன். பிறகு வேக எல்லைக்கு ஒரு மைல் குறைவாக அந்தச் சாலையில் போவேன். பதினோரு மாதம் போனேன் லெம். நெல்வயலில் கொக்கு நிற்குமே, அப்படி. இரண்டு முறை அவன் எதிரே வந்து கையசைத்தான், நானும் சிரித்துக் கையசைத்தேன். வினெட்டா மட்டும், "அம்மா, அவன் சுட்டுத் தொலைச்சா என்ன பண்ணுவ?" என்று அழுதாள். அப்படி நடந்தால் செய்ய வேண்டியதையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொள் என்றேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, என் காருக்குப் பின்னால் போலீஸ் வண்டியின் நீல விளக்கு சுழன்றது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தேன். தைரியமாக இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். லைல் வந்து குனிந்து, "என்ன மிஸ் எர்னஸ்டின், பின்னாடி லைட்டு எரியல போலிருக்கே" என்றான். எரிந்துகொண்டுதான் இருந்தது. நான், "ஆபீசர், முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். டிக்கியில துப்பாக்கி இருக்கு. தோட்டா போடல, பெட்டி பூட்டியிருக்கு, சாவி கைப்பையில. என் கை ரெண்டும் இங்கேயேதான் இருக்கும். எதை எடுக்கணும்னாலும் நீங்க சொன்ன பிறகுதான் எடுப்பேன்" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தான். பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு, "உங்க பையனும் இப்படித்தான், ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு அசையாம நல்ல பிள்ளையாட்டம் பேசினான். அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?" என்றான்.

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து தானாக விழுந்ததப்பா. நான் கேட்கவே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் நீ சொன்னதை அவனே சொன்னான், என் தலைக்கு மேலே கேமரா கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி ஒன்று கிடைக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைச் சரளைக்கல்லில் மண்டியிட வைத்தபோதும், கையில் விலங்கு பூட்டியபோதும் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முழங்கால் அன்றைக்குப் போனதுதான். அவனுடைய சட்டைக் கேமராவை அணைத்துவிட்டு, நான் சீட்டுக்கு அடியில் கையை விட்டதாக எழுதி என்மேல் வழக்குப் போட்டான். ஒரு எழுத்துகூட மாற்றாமல் உன்மேல் எழுதிய அதே பொய்.

வக்கீல் ஒடெலியா பெய்ன் கெட்டிக்காரப் பெண். என் கார் கேமராவில் பதிவான படத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "இதை நாளைக்கே அரசு வக்கீல்கிட்ட காட்டினா கேஸ் அப்பவே செத்துடும் அம்மா" என்றாள். வேண்டாம் என்றேன். "அவன் முதல்ல பைபிள்மேல கை வைக்கட்டும். சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். அப்புறம் போடு" என்றேன். அவள் என்னை வேறுமாதிரிப் பார்த்தாள், ஆனால் சரி என்றாள். நீதிமன்றத்தில் லைல் துவைத்து இஸ்திரி போட்ட சீருடையில் வந்தான். சத்தியம் செய்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டார்களா? விட்டார்கள். நிச்சயமாகவா? என் கண்ணால் பார்த்தேன். ஒடெலியா மூன்று விதமாக மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் குழியை அவனே ஆழமாக வெட்டிக்கொண்டான். பிறகு படம் ஓடியது. என் இரண்டு கையும் அசையாமல் திரை நிறைய. அவன் குரல் உன் பேச்சை இழுத்தபோது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லைலின் காது முதலில் சிவந்தது, அப்புறம் கழுத்து. நான் கண்ணை எடுக்கவே இல்லை. உன் கல்யாணத்தைக்கூட நான் இவ்வளவு ஆசையாகப் பார்ப்பேனா தெரியாது.

என் வழக்கு அன்றே தள்ளுபடி. அவன் வேலை போன மாதம் போயிற்று, பொய்ச் சத்தியத்துக்கு அவன்மேல் வழக்கு நடக்கிறது. ஒடெலியா போட்ட மனுவின் பேரில் இரண்டு வாரத்துக்கு முன் நீதிபதி உன் பழைய தீர்ப்பையும் ரத்து செய்துவிட்டார். நீ குற்றவாளி இல்லை லெம். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் கெளுத்திமீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது லைலே வாசலுக்கு வந்தான். சாதாரணச் சட்டையில் ஆள் பாதியாகத் தெரிந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன்மேல் இரக்கம் காட்டச் சொல்லி நீதிபதிக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். "மிஸ் எர்னஸ்டின், எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றான். "எனக்கும் ஒருத்தன் இருந்தான் லைல். அவன் மூணாயிரம் மைல் தள்ளிப் போயிட்டான். அவனுக்குத்தான் கடுதாசி எழுதணும், உனக்கு எழுத நேரமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான் மீனைப் பொரித்து, சோளரொட்டியோடு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நம் பாஸ்டர் மன்னித்துவிடு என்கிறார். கர்த்தர் மன்னிக்கட்டும், அது அவர் வேலை. என்னால் இப்போதைக்கு முடியாது, முடிந்ததாக நடிக்கவும் மாட்டேன். நீ அப்போது சொன்னதை உரக்கச் சொல்ல விடாமல், கையெழுத்துப் போடு என்று சொன்னவள் நான். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான், அதை அவனுக்கு எழுதிக் கொடுத்து ஆற்றிக்கொள்ள முடியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடு. தீர்ப்பின் நகல் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். யார் நிறுத்தினாலும் கை ஸ்டியரிங்மேல், சொல்ல வேண்டியதை முதலில் சொல், குரலை உயர்த்தாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தோளெலும்பு வலியில்லாமல் இருக்கட்டும். நவம்பரில் வீட்டுக்கு வருவதாக இருந்தால் சுற்றுவழி வேண்டாம். ஒன்பதாம் நம்பர் சாலை வழியாகவே வா, பட்டப்பகலில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக. சாலைமுனையில் நான் நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்,
எர்னஸ்டின் கிரேடி