குறூஸும் என் வலது காலும்

2025 யூலை 3, வியாழன்

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த டயறியை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, எனக்கே பாதி விளங்காது. இன்றைக்கு ஓடுகிற காருக்குள் சம்மணம் கட்டி இருந்தேன்.

கிளிநொச்சியில் ஒரு வாழைத்தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். ஆனையிறவுக்குக் கிட்ட, பாட்டை மாற்றுவோம் என்று ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அமத்தினேன். பாட்டு மாறவில்லை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தேன். கார் குறையவில்லை! அதே வேகத்தில் தன்பாட்டில் போகிறது. பயத்தில் இரண்டு காலையும் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டு "முருகா" என்று கத்தினேன். பக்கத்தில் மோட்டார்சைக்கிளில் போனவன், பந்தியில் சாப்பிட இருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு போனான். ஒரு மாடு குறுக்கே வந்தபோதுதான் கால் தானாக இறங்கிப் பிறேக்கைத் தேடியது. கார் தளர்ந்தது, பேய் இறங்கிவிட்டது.

கராஜ் ஜெறோமுக்குக் கோல் எடுத்தேன். சிரித்து முடிக்கக் கனநேரம் பிடித்தது.

"அண்ணை, அதுதான் குறூஸ். அமத்தினா அந்த ஸ்பீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். பிறேக்கிலை கால் பட்டா விட்டிடும். மேடு பள்ளம் இல்லாத றோட்டிலை பெற்றோலும் மிச்சம்."

ஒரு வருடமாகக் கார் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வேலைக்காரன் உள்ளே இருப்பது தெரியாது.

யூலை 4, வெள்ளி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சம்மணக் கதையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் என் மனுசி சிவகௌரிக்குச் சொன்னேன். பெற்றோல் மிச்சம் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவள் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப கார் ஓட உங்கடை கால் தேவையில்லை?"

"ஓம்."

"பிறகேனப்பா நான் ஓடினா மட்டும் என்ரை கால் பாரம், பெற்றோல் குடிக்கும் எண்டு சொல்லுறியள்?"

அவள் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம். முதல் தரத்திலேயே பாஸ். (நான் எத்தனையாம் தரம் என்பது இங்கே தேவையில்லை.) அவள் தைக்கிற பிளவுஸ்களைச் சனிக்கிழமைகளில் கிளிநொச்சிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு மனம் வந்தால் காரில், வராவிட்டால் பொதியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில். சாவியைக் கேட்கும்போதெல்லாம் நான் பெற்றோல் கதையைத்தான் எடுப்பேன். உண்மை என்ன? சாவி என் இடுப்பில் தொங்கினால்தான் சந்தையில் என்னைக் "கார்க்கார நடராசா" என்கிறார்கள். அது இல்லாவிட்டால் வெறும் வாழைக்குலை நடராசா.

"அப்ப ஒண்டு செய்வம்" என்றாள். "முறிகண்டிப் பிள்ளையாரடி மட்டும் போய்வர ஒரு ஓட்டம் நீங்கள், குறூஸ் போட்டு. ஒரு ஓட்டம் நான், காலாலை. எனக்குப் பெற்றோல் குறையப் பிடிச்சா சாவி இந்த மெஷின் மேசை லாச்சிக்குள்ளை வரவேணும்."

"உமக்குக் கூடப் பிடிச்சா?"

"சாவி எண்ட சொல்லே என்ரை வாயிலை வராது. சாகுமட்டும் பஸ்."

சரி என்றேன். பாவம், ஆசைப்படுகிறாள். பஸ்ஸில் யன்னல் ஓரம் நல்ல காற்று வரும்.

யூலை 6, ஞாயிறு

நடுவர் பக்கத்து வீட்டுத் தம்பிராசா அண்ணை. முப்பது வருடம் பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவர். இரண்டு ஓட்டத்திலும் பின்சீற்றில் இருப்பார். சட்டமும் அவரே போட்டார்: ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், தாங்கி முட்டப் பெற்றோல் அடித்துவிட்டுப் புறப்பட வேண்டும், வந்ததும் முட்ட அடித்து எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏசி இல்லை. டிக்கி வெறுமை. கூலியாகப் போக ஒரு பிளேன்ரீ, வர ஒரு பிளேன்ரீ குடிக்கக் கொடுக்க வேண்டும்.

"குறூஸ் எண்டா என்னெண்டு தெரியுமே அண்ணை?" என்று கேட்டேன்.

"எங்கடை காலத்திலை அதுக்குக் கொண்டக்ரர் எண்டு பேர். அவன் விசில் அடிக்குமட்டும் பஸ் ஒரே வேகத்திலை போகும்."

யூலை 8, செவ்வாய்

சந்தை முழுக்கக் கதை பரவிவிட்டது. நான் யாருக்கும் சொல்லவில்லை. நாலைந்து பேருக்குத்தான் சொன்னேன்.

யூலை 12, சனி

என் ஓட்டம்.

முட்ட அடித்துப் புறப்பட்டேன். சாவகச்சேரி தாண்டியதும் குறூஸை அமத்தினேன். கார் பிடித்தது. காலைக் கீழே வைத்துக்கொண்டு, "பாத்தீரோ?" என்று இடப்பக்கம் இருந்த சிவகௌரியிடம் கேட்டேன். அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கார் தளர்ந்தது. குறூஸ் விட்டுவிட்டது. திரும்ப அமத்தினேன். கார் எத்துப்பட்ட மாடு மாதிரிச் சீறிப் பாய்ந்து பழைய வேகத்துக்குப் போனது. கொஞ்சத் தூரம்தான். திரும்பவும் விட்டுவிட்டது.

"உவன் ஜெறோம் என்ன இழவைச் சொன்னவன்? பொத்தான் பழுது!"

பின்னால் தம்பிராசா அண்ணை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பொத்தான் பழுதில்லை. நீ கும்பிடக் கும்பிட அது செத்துப்போகுது" என்றார்.

"எது?"

"டேய், ஒவ்வொரு கோயிலடியிலும் உன்ரை கால் பிறேக்கைத் தொடுதடா. நீ பாக்கேல்லையே?"

பார்க்கவில்லை. சைக்கிள் காலத்தில் இருந்தே கோயிலைக் கண்டால் வேகத்தைக் குறைத்து நெஞ்சில் கை வைக்கிறவன் நான். அது கையும் காலும் சேர்ந்து செய்கிற வேலை. சரி, இனிக் கவனமாக இருப்போம் என்று நினைத்தேன். எங்கே! நான் கோயிலைக் காண முதலே என் வலது கால் கண்டுவிடுகிறது. எங்கள் பக்கத்தில் வளவுக்கு ஒரு வைரவர், சந்திக்கு ஒரு பிள்ளையார். பளை வருமட்டும் அமத்துவதும், அது விடுவதும், திரும்பச் சீறுவதும்தான். தம்பிராசா அண்ணை எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் விட்டுவிட்டார்.

சிவகௌரி யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனையிறவு வந்த பிறகுதான் எனக்கு மரியாதை. இரண்டு பக்கமும் தண்ணீர், நீட்டுக்கு றோட்டு, கோயில் இல்லை. குறூஸ் பிடித்த பிடி விடவில்லை. லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற இலக்கம் ஏறிக்கொண்டே போனது. என் காலுக்கு ஒருநாளும் அந்த இலக்கம் வந்ததில்லை. ஜெறோம் சொன்னது பொய்யில்லை. அந்தப் பொத்தானைத் தன்பாட்டில் விட்டால் அது மிச்சம்பிடிக்கும். அதுக்கும் கடவுளுக்கும் நடுவில் என் கால் நிற்பதுதான் கரைச்சல்.

முறிகண்டியில் எல்லா வாகனத்தையும் போல நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். வரும்போது பளையில் இருந்து அதே கூத்து.

பிடித்தது: எட்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைய.

யூலை 13, ஞாயிறு

பக்திக்குக் கழிவு தரவேண்டும் என்று தம்பிராசா அண்ணையிடம் கேட்டேன். தரமாட்டாராம்.

யூலை 18, வெள்ளி

நாளைக்கு அவளுடைய ஓட்டம். சோளகக் காற்று நல்லாய்ப் பிடித்து அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று. எனக்கும் அடித்ததுதான், ஆனால் இவ்வளவு இல்லை. காற்றைக் கேட்டுக்கொண்டு இருக்கச் சந்தோசமாக இருக்கிறது. இது பிழையா? பிழைதான்.

யூலை 19, சனி

காலமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு கதலிக் குலையை டிக்கிக்குள் வைத்தேன். கிளிநொச்சியில் ஒரு ஆளுக்குக் கொடுக்க வேணும் என்று சொல்லலாம். தம்பிராசா அண்ணை வந்தவுடன் நேரே டிக்கியைத்தான் திறந்தார். முப்பது வருடம் பஸ் ஓடினவருக்குத் தெரியாத களவா?

"இது ஆருக்கு?"

"முறிகண்டியானுக்கு, அண்ணை."

"அவருக்குத் தேங்காய் காணும். இறக்கு."

குலையை நான் இறக்க, சிவகௌரி வாசலில் நின்று பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். "பழுத்த குலையாப் பாத்து வைச்சிருக்கலாமே, வழியிலை சாப்பிட்டிருப்பம்" என்றாள்.

செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். நான் இடப்பக்கம். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லாமல் அந்தக் காருக்குள் இருந்தது அதுதான் முதல் தரம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அந்தக் காலைத் தெரியும். இரவும் பகலும் மெஷினை மிதிக்கிற கால். கழுத்து வளைவு தைக்கும்போது நூல் அறாமல், மெத்தவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் மிதிக்கும். அதையேதான் இங்கேயும் செய்தாள். கோயில் வந்தால் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவாள். கார் தன்பாட்டில் தளர்ந்து உருளும். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். கோயில் தாண்டியதும் மெல்ல மெல்லத் திரும்ப மிதிப்பாள். பிறேக் இல்லை. சீறல் இல்லை. சாமிக்கும் குறை இல்லை.

"கொஞ்சம் வேகமா ஓடுமன், மாட்டுவண்டில் முந்தப்போகுது" என்றேன்.

"இஞ்சாருங்கோ, குறூஸ் கதைக்கிறேல்லை. நீங்களும் பேசாமல் வாங்கோ."

பளை தாண்டிப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தம்பிராசா அண்ணை வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மற்றவன் ஓடுகிற வாகனத்தில் கண் மூடினதில்லை என்று எனக்கு நூறு தரம் சொன்ன மனுசன்! என் ஓட்டத்தில் கைப்பிடியை விடவே இல்லை.

அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் முறிகண்டியில் தேங்காய் உடைக்கும்போது, "பிள்ளையாரே, அவளுக்கு ஒரு லீற்றர் கூடப் பிடிக்கட்டும்" என்று கேட்டேன். பக்கத்தில் அவளும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன கேட்டாள் என்று வெளியே வந்து கேட்டேன்.

"வழியிலை மாடு ஒண்டும் படுத்திருக்கக் கூடாது எண்டு."

அவ்வளவுதான். சாவியைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

பிடித்தது: ஏழு லீற்றர், ஒரு சின்னச் சொட்டு. பம்ப் பெடியனிடம் இன்னும் அடி, இன்னும் அடி என்றேன். பெற்றோல் வழிந்து என் செருப்பில் ஊற்றியது. தம்பிராசா அண்ணை அதையும் என் கணக்கில் போடச் சொன்னார்.

யூலை 20, ஞாயிறு

சாவி லாச்சிக்குள். ஊசிப் பெட்டிக்கும் பொத்தான் போத்தலுக்கும் நடுவில்.

யூலை 22, செவ்வாய்

சந்தையில் ஒருவன், "என்ன கார்க்காரர், இண்டைக்குச் சைக்கிளோ?" என்றான். "ட்றைவர் லீவு" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாவி இல்லாத இடுப்பு கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 9, சனி

இப்போது சனிக்கிழமைகளில் நான் பொதி தூக்குகிற ஆள். இன்றைக்கும் கிளிநொச்சிக் கடைக்குப் பிளவுஸ் கொடுத்து, முறிகண்டி மட்டும் போய் ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு, வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனையிறவில், "அந்தப் பொத்தான் எதப்பா?" என்று கேட்டாள். காட்டினேன். அமத்தினாள். கார் பிடித்தது. காலை எடுத்துக் கீழே வைத்தாள், ஒரு சத்தமும் போடவில்லை, சம்மணமும் கட்டவில்லை. இலக்கம் ஏறியது. "நல்ல சாமான்தான். ஆள் பாத்து வேலை செய்யுது" என்றாள்.

பளைக்குக் கிட்டப் பிள்ளையார் கோயில் வந்தது. றோட்டு வெறுமையாக இருந்தபடியால் அவள் குறூஸை நிறுத்தவில்லை, வாய்க்குள் முணுமுணுத்தாள். நான் வலது காலால் இடப்பக்கத்து வெறும் தகட்டைப் பிறேக்காக மிதித்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

குறூஸ் விடவில்லை. சட்டியை நான் விட்டிருந்தேன்.

தயிர் நல்ல கட்டித் தயிர். வேட்டி வாளியில் ஊறுகிறது. பெற்றோல் ஆறே முக்கால் லீற்றர் பிடித்தது.