கோரலுக்குத் தெரியாதது

மார்ச் 4, 2019, டப்போ

லயல் இன்று காலையும் சுவரோரம் உட்கார்ந்து, காலில் மாட்டியிருக்கும் கண்காணிப்புப் பட்டைக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். சிறைத் தண்டனை முடிந்துவிட்டது. ஆனாலும் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் ஐந்து வருடக் கண்காணிப்பு போட்டிருக்கிறது. எங்கே போகிறான் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். குடிக்கக் கூடாது. எந்தப் பெண்ணோடு பழகினாலும் அதிகாரி ஹோல்கேட்டிடம் சொல்லியாக வேண்டும். கட்டிய மனைவியைக் கழுத்தை நெரித்து, செத்துவிட்டாள் என்று போட்டுவிட்டுப் போனவன். ஜேனட் பிழைத்தது அதிர்ஷ்டம்.

என் தம்பி. அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 12

வேலை பார்க்கும் செடிப் பண்ணையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். யாரோ ஒரு பெண் என்று உடனே தோன்றியது.

மார்ச் 17, ஞாயிறு

பண்ணையில் கல்லாவில் இருக்கும் கோரல் எலுமிச்சை கேக்கோடு வந்தாள். கணவனை இழந்தவள்.

"உன் தம்பி வாயே திறக்க மாட்டேங்குறான், நோரீன். என் வீட்டுக்காரர் பேசிப் பேசியே கொன்னாரு. இவன் தேவலாம்."

சிரித்தோம். இந்த வெயிலிலும் லயல் நீளக் காலுறை போட்டிருந்தான்.

அவள் போனதும் கேட்டேன். "சொல்லிட்டியா அவகிட்ட?"

"சொல்றேன்."

"ஹோல்கேட்கிட்ட?"

"கொஞ்சம் டைம் குடு, நோர். எடுத்ததுமே சொன்னா எவ நிப்பா?"

அதுவும் நியாயம்தான். நியாயமா?

மார்ச் 24

கோரல் மறுபடியும் வந்தாள். இன்று பேரீச்சம்பழ கேக். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 30

லயல் பின்கட்டில் போனில் கத்தினான். அவள் மத்தியானம் அழைப்பை எடுக்கவில்லையாம். "யார்கூட இருந்த? சொல்லு, யார்கூட இருந்த?"

அதே குரல். ஜேனட் வீட்டுச் சமையலறையில் நான் கேட்ட அதே குரல். அன்றைக்கும் நான் பாத்திரம்தான் கழுவிக்கொண்டிருந்தேன் —

என்னடி பண்ணப் போற, நோரீன்? இன்னும் என்ன பாக்கணும் உனக்கு?

ஏப்ரல் 2

ஹோல்கேட்டிடம் சொல்லிவிட்டேன். மத்தியானமே போலீஸ் வந்தது. லயல் முரண்டு பிடிக்கவில்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டான், நாடாவை நிதானமாகக் கட்டினான். வாசலில் என் பக்கம் திரும்பினான்.

"வெளிய வருவேன்ல, நோர். அப்ப பேசிக்கலாம்."

குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஏப்ரல் 6

கோரல் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"போலீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? என் கேக்கைத் தின்னுட்டு, என்கூட உக்காந்து சிரிச்சுட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்தியே. உன் பொண்ணா இருந்தா இருந்திருப்பியா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

கார் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "இப்பவும் அவன் ஞாபகமாவே இருக்கு. அதுக்குத்தான் உன்னை மன்னிக்க மாட்டேன்."

மே 9

அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். வர மறுத்துவிட்டானாம். திரும்பி வரும் வழியெல்லாம் மழை.

ஜூலை 19

விதியை மீறியதற்கு ஒன்பது மாதம் போட்டிருக்கிறார்கள். ஹோல்கேட் போன் செய்தாள்.

"வெளிய வரும்போது அவன் தங்க உங்க முகவரியையே குடுக்கலாமா, நோரீன்? வேற யாரும் அவனுக்கு இடம் குடுக்க மாட்டாங்க."

"குடுங்க," என்றேன்.

சாயங்காலம் இரும்புக் கடைக்குப் போய், என் படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் போட ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். நானே முடுக்கினேன். கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. ஆனால் தாழ் சரியாக விழுகிறது.