அவள் எதற்குக் காலில் விழ வேண்டும்?

இன்று அமாவாசை. பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை வாசலில் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கற்பூர வாசனை வந்தால் ஊரில் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வரும். எனக்குத் தியேட்டர். கூடவே நீ. புகை கண்ணில் பட்டதைச் சாக்காக வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்று அழுதேன். "சேலை பாக்க வந்தீங்களாம்மா?" என்று கடை ஆள் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாதா கோயிலில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்தப் படம். நாம் இருவரும் மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அது பழைய படம்தான். நீ சரித்திரம், நான் கணக்கு. ஆடி மாதம் வந்தால் கோடம்பாக்கத்தில் ஒரு தியேட்டரில் அதைக் காலைக் காட்சியாகப் போடுவார்கள். அம்மன் சன்னதியில் தினமும் விளக்கேற்றும் ஒருத்தி. அவளுடைய குழந்தை அம்மை போட்டுச் செத்துவிடும். "இத்தனை நாள் விளக்கு வைத்தேனே, அந்த வெளிச்சத்தில் என் பிள்ளை உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டுவிட்டு, சன்னதிக் கதவை இழுத்துப் பூட்டிவிடுவாள். அம்மன் வளையல்காரியாக வேஷம் போட்டு வந்து அவள் வீட்டிலேயே கஞ்சி குடித்துக்கொண்டு தங்குவாள். கடைசியில் இடி, மின்னல், தீ. பறந்து வரும் சூலத்தைக் கட்டிய கம்பி நம் வரிசை வரைக்கும் தெரியும். அம்மனின் முகம் திரை முழுக்க நிற்க, கேள்வி கேட்டவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள். குழந்தை மட்டும் திரும்பி வராது.

முதல் தடவை பார்த்தபோது நீ செய்த கூத்தை மறக்க முடியுமா? திரையில் அம்மன் வந்ததும் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். யாரோ திரைக்கு முன்னால் போய்க் கற்பூரம் காட்டினார்கள். அம்மன் கையை உயர்த்தி ஆசி சொன்னாள். நீ பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, பாடகர் குழுக் குரலில் "ஆமென்" என்றாய். வரிசையே திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற அம்மாள் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வேதக்காரப் பொண்ணா? அதுனால இன்னா, ஆத்தா எல்லாருக்கும்தான். நெத்தியக் காட்டு" என்று குங்குமத்தை அப்பிவிட்டாள். அதோடு நேராக மாதா கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போய் நின்றிருக்கிறாய். உன் அம்மா முந்தானையால் தேய்த்த தேய்ப்பில் நெற்றி மறுநாளும் சிவந்திருந்தது. "ஆசி குடுத்தாங்க. ஆமென்னு சொல்லாம வேற என்னடி சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாய்.

பிறகு உனக்குக் கல்யாணம், குழந்தை. உன் பெண் பள்ளியில் சேர்ந்த வருஷமே காய்ச்சலில் போனாள். அந்த வருஷத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஆடியில் நீதான் என்னைப் படத்துக்குக் கூப்பிட்டாய். வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் கூடவே வந்தேன். அவள் சன்னதிக் கதவைப் பூட்டும் இடத்தில் நீ சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாய். அவள் காலில் விழப் போகும்போது எழுந்தாய். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாய். சாமி கிடையாது என்று சொல்லும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் ஓடி வந்தேன்.

"கேட்டதுக்குப் பதிலே வரல. அதுக்குள்ள இவ எதுக்குடி கால்ல விழறா? என்ன தப்பு பண்ணா?" என்றாய். வெளியே வேர்க்கடலை விற்றவர் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம் டிவியில் எப்போது அந்தப் படம் வந்தாலும், அந்த இடத்தில் நீ எழுந்து போய் அணைத்துவிடுவாய்.

மாதா கோயிலிலும் அதே பிடிவாதம். ஞாயிறு பூசையில் உன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். ஆனால் 'கடவுளை நம்புகிறேன்' என்று எல்லோரும் சேர்ந்து நம்பிக்கை அறிக்கை சொல்லும் நேரத்தில் அவர்களோடு எழுந்து நிற்பாய், வாயைத் திறக்க மாட்டாய். குரல் இல்லாதவள் சும்மா நின்றால் யாருக்கும் தெரியாது. உன் மௌனம் கடைசி பெஞ்சு வரை தெரிந்தது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். "பாடுறேன், நற்கருணை வாங்குறேன். சண்டைன்னா வீட்ட விட்டா போயிடுவாங்க? இது ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டேன். ஏன்னு அவருக்குத் தெரியும்" என்பாய். "இல்லாதவர்கூட என்னடி சண்டை, பேசாம என் பக்கம் வந்துடு" என்று நான் சீண்டினால், "உன் பக்கத்துல சண்டை போட ஆளே இல்லையே" என்பாய்.

அடையாறு ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் நானும் உன் அண்ணனும் மாறி மாறி இருந்தோம். எண்ணெய் பூசி மந்திரிக்க ஃபாதர் வந்த அன்று இருவருமே இருந்தோம். நல்ல மனுஷர். கடவுளிடம் கோபமாக இருந்ததற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாமா என்று மெதுவாகத்தான் கேட்டார். நீ கண்ணைத் திறந்து, "மத்ததுக்கெல்லாம் கேட்டுட்டேன், ஃபாதர். அதுக்கு மட்டும் மாட்டேன். நேர்ல போய் அந்தக் கேள்வியத்தான் முதல்ல கேக்கப் போறேன்" என்றாய். அவர், "கேளுங்கம்மா" என்று நெற்றியில் சிலுவை வரைந்தார்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின தினம் உன் அண்ணன் போன் செய்தார். "டீச்சர், பூசை முடிஞ்சு ஹால்ல நீங்க நாலு வார்த்தை பேசணும். அந்த வாய மூடிக்கினு நின்ன கதையெல்லாம் வேணாம். கடைசில எல்லாத்துக்கும் மன்னிப்பு கேட்டுட்டுத்தான் கண்ண மூடினான்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அண்ணே, நானும் அங்கதான இருந்தேன்."

"இருந்தீங்க. அவ ஆத்மாவுக்கு எது நல்லதுன்னு பாத்துப் பேசுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, தங்கையை மோட்சத்துக்கு அனுப்பிவிடத் துடிக்கிறார். ஆனால் எந்தக் காட்சிக்கு முன்னால் நீ எழுந்து எழுந்து போனாயோ, அதே காட்சியைக் கொண்டுவந்து உன் வாழ்க்கையின் முடிவில் ஒட்டுகிறாரே. உன்னால் இப்போது எழுந்து போகக்கூட முடியாது. அதனால் நான் எழுந்தேன்.

ஹாலில் டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்துப் படத்தில் ஆரம்பித்தேன். ஆமென் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். உன் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது டம்ளர் சத்தம் நின்றது. நம்பிக்கை அறிக்கையைத் தொட்டதும் உன் அண்ணன் எழுந்து வந்து மைக்கை அணைத்தார். ஆயுசு முழுக்க வகுப்புக்கு அறுபது பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு மைக் எதற்கு? ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை, நீ சொன்னபடியே, ஒரு வார்த்தை குறையாமல் சொல்லி முடித்தேன். பின்னால் நின்ற ஃபாதரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். உன்னோடு பாடிய பெண் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவதான், அவளேதான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே அழுதாள்.

வாசலில் உன் அண்ணன், "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க, டீச்சர்" என்றார். சரி என்றேன். நீ இல்லாத வீட்டில் எனக்கென்ன வேலை?

நான் மாறவில்லை. மேலே யாரும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு ஆசை பிடித்து ஆட்டுகிறது, யாரிடமும் சொல்ல முடியாத ஆசை. உனக்காக மட்டும் அங்கே ஒருவர் இருந்து தொலைக்க வேண்டும். நீ அவர் எதிரில் போய் நின்று உன் பெண்ணின் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் சொல்லாமல் அவர் தப்பித்துவிடக் கூடாது.