விசையில் கட்டிய கயிறு

மச்சான்,

இன்று காலை பெரியகல்லாற்றில் ஒரு வீட்டு மதிலைக் கழுவத் தொடங்கினோம். மெசினை இயக்கி, முதல் வீச்சுத் தண்ணீர் மதிலில் அடித்ததும் அந்த வாசம் எழும்பியது. மாரியில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைகிற பாசியின் வாசம்; அதோடு பெற்றோல் புகை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் உடலை, உங்கள் பேச்சில் மையத்தை, தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் நிலைகுலையவில்லை. இன்று அந்த மதிலுக்கு முன்னால் நாரி, இந்த அடிமுதுகு, இறுகி, சற்று நேரம் அசையாமல் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் உன்னிடம் சொல்லாமல் விட்டவை இருக்கின்றன.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். வளைகுடாவில் பதினொரு வருடம் மாடிக்கட்டடங்களின் வெளிச்சுவர் கழுவிவிட்டுக் காத்தான்குடிக்குத் திரும்பியவன் நீ. நான் வவுணதீவில் பாதி வயதை வயல் வட்டைக்குள், சேற்றில் குனிந்தே கழித்தவன். வாகனம் கழுவும் இடமொன்றில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்து பழகி, பிறகு இருவருமாக ஒரு பிரஷர் மெசின் வாங்கினோம். மதில், முற்றம், அரிசி ஆலைச் சுவர், கோயில் வெளிவீதி, பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுழ் என்று கிடைத்ததையெல்லாம் கழுவினோம்.

நீ வேலை செய்யும் விதம் ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. மெசினை ஒருபோதும் தனியாகத் தூக்க விடமாட்டாய். தண்ணீர் பீச்சும் கன்னில் நீளக் குழாயைப் பூட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலைச் சற்று மடித்து நிமிர்ந்தே நிற்பாய். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை மாற்றி வைப்பாய். ஹோஸின் பாரம் கையில் தொங்காதபடி தோளுக்கு மேலால் எடுத்துப் போடுவாய். அரை மணிக்கு ஒரு தடவை உன் போனில் சேவல் கூவும். கூவியதும் கன்னை ஆள் மாற்றிக் கொடுக்க வேண்டும். விட்டவன் நிழலில் உட்கார்ந்து, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சித்தாண்டியில் அரிசி ஆலையைக் கழுவிய அன்று நான் சிரித்தேன். "என்ட முதுகு வட்டைக்குள்ள குனிஞ்சி வளந்த முதுகுடா. உன்ட சேவலுக்குப் பயந்து நான் குந்தி இருக்கணுமா?"

நீ சிரிக்கவில்லை. "மச்சான், நானும் இப்படித்தான் கதைச்சன். பிறகு நாப்பது நாள் கட்டில்ல கிடந்தன். மூத்திரம் பெய்யக்கூட ரெண்டு பேர் தூக்கினானுகள். நோ வந்த பிறகு ஓய்ஞ்சிருந்து வேலையில்ல, வாறதுக்கு முதல் ஓய்ஞ்சிருக்கணும்" என்றாய்.

அந்த நாற்பது நாளுக்குப் பிறகுதான் கம்பனி உன்னை ஊருக்கு அனுப்பியது என்பதை அன்றுதான் அறிந்தேன். அறிந்தும் திருந்தவில்லை.

பிறகு அந்த மண்டப வேலை வந்தது. வாவியைப் பார்த்தபடி இருந்த கலியாண மண்டபம். மூன்று நாள் வேலை என்று நீ சொன்னாய். இரண்டு நாளில் முடித்துத் தருகிறோம் என்று உன்னைக் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்தேன். முதல் நாள் பொழுதுபடும்போது பாதிகூட முடியவில்லை. மறுநாள் பின்னேரம் சோடனைக்காரர் வருவார்கள் என்று மண்டபக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலை நமக்குள் சண்டை. முன்வாசல் போர்ட்டிக்கோவின் மேல்தட்டில் நான் நின்றேன். பாசி தடித்துப் போய் வழுக்கியது. தட்டைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இல்லை. சேவல் கூவியது. நீ கீழே நின்று, "இறங்கு, நான் ஏறுறன்" என்றாய்.

"இறங்கி ஏறி இறங்கி ஏறி, நாளைக்கும் முடியாது. அந்தச் சேவலை அமத்துடா!" என்று கத்தினேன். மண்டபக்காரரும் அவருடைய ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீ போனை எடுத்து நிறுத்தினாய். பாசி தேய்க்கிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனாய்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை முழுமையாக உன்னிடமும் சொன்னதில்லை. நீளக் குழாய் போட்டால் பாசி மெதுவாகத்தான் உரிகிறது என்று அதைக் கழற்றி எறிந்தேன். கட்டைக் கன்னோடு தட்டில் குனிந்து, முகத்தில் சேறு தெறிக்கத் தெறிக்க அடித்தேன். நேரம் பார்க்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. விசையை அமர்த்திப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப் போயின. தட்டில் ஒரு நைலோன் கயிற்றுத் துண்டு கிடந்தது. அதை எடுத்து விசையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். விரலுக்கு ஓய்வு கிடைத்தது. கட்டாதே என்று நீ எத்தனை தடவை சொல்லியிருந்தாய். கைவிட்டால் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த விசை என்று. இன்று ஒருநாள்தானே என்று நினைத்தேன்.

உச்சி வெயில் நேரம். கால்மாட்டில் கிடந்த ஹோஸை இழுப்பதற்காக, குனிந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்பினேன். நாரிக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. மூச்சு நின்றது. நிமிரவும் முடியவில்லை, குந்தவும் முடியவில்லை. இடது கால் என்னுடையதாக இல்லை. முழங்காலில் விழுந்தேன், கன் கையைவிட்டுப் பறந்தது.

விசை கட்டியிருந்தபடியால் தண்ணீர் நிற்கவில்லை. கன் பாம்புபோல் துள்ளித் துள்ளித் தட்டை அடித்தது. ஹோஸ் என் காலில் சுற்றிக்கொண்டு என்னை விளிம்புப் பக்கமாக இழுத்தது. கீழே உடைத்த கருங்கல் பரப்பியிருந்தது. பாசியில் நகத்தைப் பதித்துக்கொண்டு உன் பெயரைக் கூப்பிட்டேன்.

மெசின் மண்டபத்தின் பின்புறம், கிணற்றடியில் இருந்தது. ஓடிப்போய் அதை நிறுத்தியிருக்கலாம். அதற்குள் நான் விழுந்திருப்பேன் என்று நீ கணக்குப் போட்டாயா, அல்லது ஒன்றும் யோசிக்காமல் வந்தாயா? இதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நீ ஏணியில் ஏறி வந்தாய். என் காற்சட்டைப் பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாய். பிறகு துள்ளிக்கொண்டிருந்த கன்னின் மேல் பாய்ந்தாய். அதை அமர்த்தும்போது உன் வலது கை அதன் வாய்க்குக் குறுக்கே போனது. நீ சத்தம் போடவில்லை. மற்றக் கையால் கயிற்றைப் பிய்த்தாய். தண்ணீர் நின்றது.

அந்தக் கயிற்றைப் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். "ஒழும்பாத மச்சான். அப்படியே படு. காலை அசைச்சுப் பாரு" என்றாய். அவ்வளவுதான்.

உன் உள்ளங்கையில் குண்டூசி குத்தியது போல ஒரு சின்ன ஓட்டை. ஒரு துளி இரத்தம். "தண்ணிதானேடா" என்று சாரத்தில் துடைத்துக்கொண்டாய். ஏணி வழியாக என்னை முதுகில் சுமந்து இறக்கி, மண்டபத் தரையில் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே கதிரை மெத்தையைக் கொடுத்தாய். கால் மெல்ல மெல்ல எனக்குத் திரும்பி வந்தது. எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நின்றார்கள். உன் கையை யாரும் பார்க்கவில்லை.

பின்னேரம் அந்தக் கை வீங்கி, விரல்கள் நீலம் பாய்ந்தன. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏசினார். "தண்ணி எண்டு நினைச்சி விட்டுட்டீங்களா? தோலுக்குள்ள போன தண்ணி சதையெல்லாம் கிழிச்சிக்கிட்டுப் போயிரிக்கி. உடனே வந்திருக்கணும்." புண்ணை ஆறவிடாத சீனி வருத்தமும் உனக்கு இருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

உன் கட்டிலருகே நான் இடுப்பில் பட்டியோடு நின்றேன். நீ சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "கன் பழுது எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டன். கயிறு கட்டின கதைய நீ ஒருத்தருக்கும் சொல்லாத. சொன்னா உனக்கு ஒருத்தனும் வேலை தரமாட்டான்."

"உன்ட பொஞ்சாதிக்கு?"

"அவளுக்கும்தான்."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இரண்டு வருடம் சுமந்தேன். மூன்று விரல் கையோடு நீ மீண்டும் வேலைக்கு வந்தாய். உன் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் உன் மனைவி முள் எடுத்த மீனை உள்ளிருந்து உனக்கு அனுப்புவதைப் பார்ப்பேன். நான் பாதியில் கை கழுவிவிட்டு எழும்புவேன். ஒருநாளாவது நீ என்னை ஏசியிருக்கலாம். நீ சேவலை மட்டும் திரும்பவும் கூவ வைத்தாய். அது கூவினால் நான் பேசாமல் கன்னைத் தந்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு விடியற்காலை, சுபஹ் தொழுதுவிட்டு வந்து நெஞ்சு நோகிறது என்று சாய்ந்தாயாம். எனக்குச் செய்தி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் மனைவி இத்தா என்கிற துக்கக் காலம் முடிந்து வெளியே வரும்வரை காத்திருந்தேன். போன கிழமை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருந்தா. நான் முன்னறையில் நின்றபடியே சொன்னேன். சேவலை நிறுத்தச் சொன்னது, நீளக் குழாயைக் கழற்றியது, கயிறு கட்டியது எல்லாவற்றையும்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவர் எனக்கும் பொய்தான் சொன்னவர்" என்றா கடைசியில். "ரெண்டு வருசமா அந்தக் கன் வித்த கடைக்காரனுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஏசினன், அண்ணன். ஒரு பாவமும் அறியாத மனிசன்."

"பிழை என்டதான் தங்கச்சி."

"ஓம். உங்கடதான்."

யாராவது இதை ஒருநாள் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் போலும். போகச் சொல்லிவிடுவா என்று நினைத்தேன். உன் மனைவி வேறொன்று கேட்டா.

"இப்பவும் கயிறு கட்டுறீங்களா?"

"இல்ல."

"உங்களோட வேலை செய்யிற ஆக்களை?"

"கட்ட விடமாட்டன்."

பிறகு சொன்னா: "என்ட தம்பி கட்டாரால வந்து மூணு மாசமா வேலையில்லாம இருக்கான். ரெண்டு புள்ளைகள். உங்களோட வரட்டா எண்டு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தான். இவ்வளவு நேரமும் அதைத்தான் யோசிச்சன்." பிறகு முடிவாகச் சொன்னா: "அனுப்புறன். எப்படி வாறானோ, அப்படியே திருப்பி அனுப்புங்க."

அவன் இன்று வந்தான், மச்சான். இதுதான் முதல் நாள். உன் மைத்துனனுக்கு என்னைவிட அவசரம். பத்து மணிக்கே, "நான் களைக்கல்ல அண்ணன், நீங்க இருங்க" என்றான். கன்னை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். முகம் சுருங்கிப்போனான். நிழலில் உட்காரவைத்துப் போத்தலை நீட்டினேன். குனிந்து அடித்தபோது நிமிரச் சொன்னேன். இடுப்பை முறுக்கியபோது ஏசினேன். நாள் முழுவதும் என் கண் மதிலில் இல்லை, அவன் முதுகிலும் கையிலும்தான். மத்தியானத்துக்குள் அவனுக்கு என் மீது வெறுப்பே வந்துவிட்டது என்று தெரிந்தது. வரட்டும்.

பின்னேரம் மெசினை இருவருமாகத் தூக்கி லொறியில் வைத்தோம். காத்தான்குடியில் உன் வீட்டு ஒழுங்கை முனையில் அவனை இறக்கும்போது கையைக் காட்டச் சொன்னேன். விளங்காமல் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான். பத்து விரல்களையும் பார்த்தேன். "போ, உன்ட அக்கா பாத்துக்கொண்டிருப்பா" என்றேன். அவன் வீட்டுக்குள் நுழையும் வரைக்கும் லொறியை எடுக்கவில்லை.