அவள் வாயைத் திறக்கும் முன்னே

பெரியவனுக்கு அம்மா எழுதுவது, நீயும் மருமகளும் அந்தத் தூரத்துக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், உடம்பு மட்டும். உன் மகள் வேலைக்கு இன்டர்வியூ போன அன்று யார் யார் இருந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் மாற்றிப் பேசக்கூடாது. நான், உன் தம்பி, அவன் பெண்டாட்டி, உன் தங்கை, அப்புறம் உன் மகள். என்னவோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரே வண்டியில் நெருக்கிக்கொண்டு போனோம்.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அவளுக்கு இன்டர்வியூ பழக்க, தினமும் சாயங்காலம் அடுப்படியில் நான்தான் ஆபீசர். மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அந்தப் பிள்ளைக்குக் கேட்டவுடன் பதில் வராது, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் தண்ணீர்க் குழாய்தான், நானே போதும் தாயே, உனக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும். நானும் அவளும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்த ஒரு மூச்சுக்குப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி, மாடியில் ஆபீஸ், சரக்கு வந்ததையும் போனதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கதவு பாதி திறந்திருந்தது, நான் வெளியே நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஆபீசரம்மா நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் உன் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் சொல்றேன் மேடம், பொண்ணு கூச்ச சுபாவம், எதிர்த்துப் பேசாது, சொன்ன வேலையைச் செய்யும், நைட் ஷிஃப்ட் மட்டும் போடாதீங்க என்று அவன்பாட்டுக்கு அடுக்குகிறான். அந்தம்மா, வேலை உங்களுக்கா சார் அவங்களுக்கா என்று கேட்டாள். உன் தங்கையும் தம்பி பெண்டாட்டியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், அதுவும் எனக்கு மறக்காது. இழுத்த மூச்சை உன் மகள் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள். அந்தம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தாள், இவள் சர்ட்டிபிகேட் பையை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

திரும்பி வருகிற வண்டியில் உன் தம்பியைக் கிழிகிழி என்று கிழித்தேன். அவன் பொறுக்க முடியாமல், என்னை ஏம்மா திட்டறே, அண்ணன்தான் காலையில போன் பண்ணி, அவ வாயில வார்த்தை வராது, நீ உள்ள போய்ப் பேசி மானத்தைக் காப்பாத்துன்னு சொன்னாரு என்று போட்டு உடைத்தான். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் அழாத பிள்ளை, ஜன்னல் பக்கம் திரும்பியது, திரும்பியதுதான்.

இப்போது சர்ட்டிபிகேட் பையைத் தூக்கி பீரோ மேலே போட்டுவிட்டாள். வேறு ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், போன் அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. ஏன்டி என்றால், எனக்குத்தான் பேச வராதே பாட்டி, அப்பாவே சொல்லிட்டாரே என்கிறாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். இனி அவளை எப்படி இன்னொரு படி ஏற வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு வழியும் தோன்றவில்லை. நீ முதல் வேலை கேட்கப் போன அன்று, அம்மா வந்தால் அசிங்கம் என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் போனாய். நானும் வெயிலில் நின்றேன், உள்ளே வந்து உனக்காக ஒரு வார்த்தை பேசினேனா?

குளிரில் காதை மூடிக்கொள், மருமகளை முதுகுவலிக்கு டாக்டரிடம் காட்டு. இரண்டு பேரும் குறையில்லாமல் இருங்கள், என் ஆசீர்வாதம் உண்டு. அவளுக்குப் போன் பண்ணு, எடுக்காவிட்டாலும் பண்ணு, எடுத்தால் ஏதாவது கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு, அவள் மூச்சை இழுக்கட்டும். உன் தம்பி புத்தியில்லாதவன், திட்டித் தீர்த்துவிட்டேன், அவன் கணக்கு முடிந்தது. நான் மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது ஒரே ஒரு ஆளைத்தான் பெரியவனே, அது நீ.

இப்படிக்கு,
உன் அம்மா